ஏழு வாரக் குழந்தை காய்ச்சலோடு வார்டில். மனைவி உள்ளே, நான் வெளியே. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

தெஹிவளை அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு ஏழு வாரத்தில் ஒரு பெண் குழந்தை. முதல் பிள்ளை. இப்போது கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு அட்மிட் ஆகியிருக்கிறாள்.

பின்னேரமே பால் குடிப்பது குறைந்துவிட்டது. மார்பில் வாய் வைத்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிப் போனாள். இரவு தொட்டால் தலையும் வயிறும் கொதித்தன, காலிரண்டும் சில்லென்று இருந்தன. கக்கத்தில் தேர்மோமீட்டர் வைத்தால் 38.9. பக்கத்து அனெக்ஸில் இருக்கும் அக்கா, "இது விடியுமட்டும் வைத்திருக்கிற வயசு இல்லை" என்று சொல்லி அவரே 1990க்கு எடுத்துவிட்டார். சுவசெரிய அம்புலன்ஸ் வந்து கூட்டிப் போனது.

போனதும் இரத்தம் எடுத்தார்கள். சலம் (சிறுநீர்) எடுத்தார்கள். கையில் கனுலா (மருந்து ஏற்ற இரத்தக் குழாய்க்குள் வைக்கிற மெல்லிய குழாய்) போட்டு அன்டிபயோட்டிக் தொடங்கிவிட்டார்கள். இப்போது முள்ளந்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்க்க வேண்டும், கையெழுத்து வேண்டும் என்று கேட்கிறார்கள். என் மாமி போனில் அழுகிறார்: "முதுகில ஊசி குத்தினா பிள்ளைக்குக் கால் வராமப் போயிடும், விடாதேங்கோ" என்று.

இரவில் வார்டில் தாய்க்கு மட்டும்தான் இடம். மதியமும் பின்னேரமும் பார்வையாளர் நேரத்தில் நான் போய் நிற்கிறேன். மனைவி வவுனியாவில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்குச் சிங்களம் தெரியாது. டொக்டர்மார் காலையில் வந்து கதைத்துவிட்டுப் போகிறார்கள், பாதி விளங்கவில்லை என்கிறாள். ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. நான் கேட்டால் "எனக்குப் பசிக்கேல்லை" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு தரம் போன் எடுத்து, எப்படி வந்தது, யார் வெளியே கொண்டு போனது, குளிர்ந்த தண்ணீரில் குளிப்பாட்டினீர்களா என்று அவளையே விசாரிக்கிறார்கள்.

நான் கடையில் லீவு போட்டுவிட்டு வெளியே வாங்கில் இருக்கிறேன். என்னால் என்ன செய்ய முடியும்? ஏன் இத்தனை டெஸ்ட்? முதுகில் எடுப்பது பற்றித் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை சுதா:

அண்ணா, பயப்படாதீர்கள் என்று சொன்னால் பயம் போகாது என்று எனக்குத் தெரியும். என் மகனுக்கு இரண்டு மாதத்தில் இப்படித்தான் வந்தது. பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் வைத்துப் பார்த்தோம். சலத்தில் கிருமி. இப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கிறான்.

உங்கள் மனைவிக்கு உடனே உதவக்கூடியதைச் சொல்கிறேன். பிள்ளைக்கு முன்பக்கம் முழுதும் திறக்கிற, முடிச்சுப் போடுகிற பருத்திச் சட்டைகள் கொண்டு போங்கள். கனுலா போட்ட கையை ஆடாமல் இருக்க ஒரு சின்னப் பலகையோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். தலை வழியாகப் போடுகிற சட்டையின் கை அதற்கு மேலால் போகாது. ஒவ்வொரு முறையும் இழுபட்டு, பிள்ளை கத்தி, கனுலா கழன்று, திரும்பக் குத்த வேண்டி வரும். சட்டைக் கை இறுக்கமாக இருந்தால் தையலைப் பிரித்துவிடுங்கள்.

உங்கள் மனைவிக்கு முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டி, ஒரு சால்வை, காலுக்குச் செருப்பு, பவர் பேங்க், மூடியோடு ஒரு கப், பிளாஸ்க். பிஸ்கட் பக்கெட் மட்டும் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வராதீர்கள், சோறு கொண்டு போங்கள். நீங்கள் போகிற நேரத்தில் பிள்ளையை வாங்கிக்கொண்டு அவரைக் குளிக்க அனுப்புங்கள். எனக்கு அந்தக் குளிப்புத்தான் அப்போது மருந்து.

மலர் அன்ரி, வெள்ளவத்தை:

தம்பி, நான் பிள்ளைகள் வார்டுகளில் வேலை செய்து ஓய்வு பெற்ற நேர்ஸ். உங்கள் பிள்ளையைப் பார்க்கிற டொக்டர் நான் இல்லை, அவர்கள் சொல்வதுதான் முடிவு. ஆனால் வெளியே வாங்கில் இருக்கிற தகப்பன்மாரை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் அவர்களுக்கு இருத்தி வைத்து விளங்கப்படுத்துவதில்லை. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் அந்தப் பக்கத்து அக்காவுக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 38 பாகை அல்லது அதற்கு மேல் இருந்தால், பிள்ளை சிரித்துக்கொண்டு இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பனடோல் கொடுத்துப் பார்க்கிற வயது அது இல்லை.

ஏன் இத்தனை டெஸ்ட் என்று கேட்டீர்கள். மூன்று வயதுப் பிள்ளை என்றால் காதைப் பிடிக்கும், தொண்டை நோகுது என்னும், சலம் போகும்போது அழும். ஏழு வாரப் பிள்ளைக்கு எங்கே கிருமி இருந்தாலும் காட்டுவது ஒன்றுதான்: காய்ச்சல், அதோடு பால் குடிக்காமை. சளியா, சலத்திலா, இரத்தத்திலா, மூளையைச் சுற்றியுள்ள சவ்விலா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் இரத்தம், சலம், முதுகு நீர் என்று மூன்று இடத்திலும் தேடுகிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தானாக மாறுகிற வைரஸ் காய்ச்சலாக இருக்கும். பக்டீரியா என்றால் இந்த வயதில் அடிக்கடி பிடிபடுவது சலத்தில்தான். சுதாவின் மகனுக்கு வந்தது அதுவே. ஆனால் பக்டீரியா இருக்கிற பிள்ளையை ரிப்போர்ட் வருமட்டும் மருந்தில்லாமல் வைத்திருக்க முடியாது. அதனால் எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு மருந்தை உடனே தொடங்குவார்கள். மருந்து தொடங்கியதால் பெரிய வருத்தம் என்று உறுதியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

இரத்தத்திலும் சலத்திலும் இரண்டு வகை ரிப்போர்ட் வரும். ஒன்று அன்றைக்கே வருவது: இரத்தக் கலங்களின் எண்ணிக்கை, சீஆர்பி (உடம்பில் அழற்சி இருந்தால் கூடுகிற ஒரு புரதத்தின் அளவு), சலத்தின் ஃபுல் ரிப்போர்ட். மற்றது கல்ச்சர். எடுத்ததை லாபில் வைத்து, கிருமி வளர்கிறதா, வளர்ந்தால் எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்ப்பது. அது வளர்ந்து காட்டத்தானே நேரம் வேண்டும்? சாதாரணமாக 48 மணித்தியாலம் போகும். காலையில் டொக்டர் வந்து "பார்ப்போம்" என்று ஒரு சொல்லில் முடித்தால், அவர் காத்திருப்பது பெரும்பாலும் அதற்குத்தான். உங்கள் மனைவிக்கு இதைச் சொல்லுங்கள். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாமல் கட்டிலோரம் இருப்பதுதான் தாய்மாரை உடைக்கிறது. எதற்கு என்று தெரிந்தால் இரண்டு இரவைத் தாண்டிவிடுவார்கள்.

திரும்பவும் சலம் எடுக்கச் சொன்னால் எரிச்சல்பட வேண்டாம். பிள்ளையின் தோலில் இருக்கிற கிருமி கலந்துவிட்டால் கல்ச்சர் குழம்பிவிடும், சுத்தமாகப் பிடித்தால்தான் நம்பலாம். வழி இருக்கிறது. பால் கொடுத்து ஒரு இருபது நிமிடம் கழித்து, கழுவித் துடைத்து, பம்பர்ஸைக் கழற்றிவிட்டு, ஒரு ஆள் பிள்ளையைப் பிடிக்க வேண்டும். மற்ற ஆள் மூடி திறந்த போத்தலோடு தயாராக இருக்க வேண்டும். போத்தலின் உள்பக்கத்தில் விரல் படக்கூடாது. குளிர்ந்த தண்ணீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றில், தொப்புளுக்குக் கீழே, மெல்ல வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருங்கள். நிறையப் பிள்ளைகள் கொஞ்ச நேரத்தில் போய்விடும். முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். பெண் பிள்ளையிடம் பிடிப்பது கஷ்டம்தான். அதற்காகத்தான் சில நேரம் டியூப் வைத்து எடுப்பார்கள்.

இனி முதுகு. உங்கள் மாமியின் பயம் எங்கள் ஊர்களில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அவரைக் கோபிக்காதீர்கள், விளங்கப்படுத்துங்கள். எங்கள் முள்ளந்தண்டுக்குள் நரம்புத் தண்டு கீழே கடைசி மட்டும் ஓடுவதில்லை. இடுப்புக்குக் கிட்ட வரும்போதே அது முடிந்துவிடும். அதற்குக் கீழே நீருக்குள் மெல்லிய நரம்பு நூல்கள் மட்டும்தான் மிதக்கும். ஊசி போடுவது அந்தக் கீழ் இடத்தில், இடுப்பெலும்பின் உச்சியைக் கையால் தடவி அடையாளம் வைத்து. கால் வராமல் போகும் என்கிற பயம் இந்த இடத்துக்குப் பொருந்தாது. பிள்ளையைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, முழங்காலும் தலையும் கிட்ட வர வளைத்து ஒரு நேர்ஸ் பிடிப்பார். பிள்ளை அழும். அந்த அழுகை பெரும்பாலும் அசையாமல் பிடித்து வைத்திருப்பதற்கு. சில துளிகள்தான் எடுப்பார்கள், அதை உடம்பு திரும்ப ஊற வைத்துவிடும். மூளைக் காய்ச்சல் இல்லை என்று உறுதியாகச் சொல்ல இதைவிட நல்ல வழி இல்லை. இருந்தால் மருந்தின் அளவும் நாளும் மாறும். பிந்தினால் காதும் மூளையும் பாதிக்கப்படலாம். ஏன் எடுக்கிறீர்கள், எடுத்த பிறகு என்ன கவனிக்க வேண்டும் என்று டொக்டரிடம் கேட்டு, விளங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. பார்க்க முடியாது என்றால் அந்த நேரம் தாய் வெளியே நிற்கலாம், அது தப்பில்லை. முடிந்ததும் தூக்கிப் பால் கொடுக்கலாமா என்று கேட்டு, சரி என்றால் உடனே கொடுக்கச் சொல்லுங்கள்.

நெற்றியைத் தொட்டுக்கொண்டே இருப்பதை மெல்ல நிறுத்தப் பாருங்கள். மருந்து தொடங்கிய பிறகும் ஒன்றிரண்டு நாள் காய்ச்சல் ஏறி இறங்கும். 39 என்பதால் 38.2ஐ விட ஆபத்து என்று இந்த வயதில் கணக்குப் போட முடியாது, உடம்பு வழக்கத்துக்கு மாறாகக் குளிர்ந்து போவதும் கூடாத அறிகுறிதான். அவர் பார்க்க வேண்டியது வேறு: பால் இழுக்கிறாளா, பம்பர்ஸ் நனைகிறதா, எழுப்பினால் முழிக்கிறாளா, தோல் நிறம் எப்படி. எழுப்ப முடியாமல் துவண்டு கிடந்தாலோ, மூச்செடுக்கும்போது நெஞ்சுப் பள்ளம் உள்ளே இழுத்தாலோ, மூச்சோடு முனகினாலோ, உதடு நீலித்தாலோ, உச்சிக்குழி புடைத்து நின்றாலோ, கைகால் வெட்டி இழுத்தாலோ, கனுலா போட்ட இடம் வீங்கிச் சிவந்தாலோ, நேர்ஸ் வருமட்டும் பார்த்திராமல் எழுந்து போய்க் கூப்பிட வேண்டும். நடு இரவென்றாலும் கூப்பிட வேண்டும். பாஷை தெரியாவிட்டால் கையைப் பிடித்துக் கூட்டி வந்து காட்டினால் போதும். அதற்கு ஒரு நேர்ஸும் கோபிக்க மாட்டார். கோபித்தாலும் பரவாயில்லை.

பாஷைக்கு ஒரு வழி சொல்கிறேன். சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒரு சிநேகிதரிடம் ஒரு தாளில் கேள்விகளை எழுதி வாங்குங்கள். மேலே சிங்களம், கீழே தமிழ். இன்றைக்கு எந்த ரிப்போர்ட் வந்தது? கல்ச்சர் எப்போது வரும்? எந்த மருந்து, எத்தனை நாள்? பால் கொடுக்கலாமா? காலையில் டொக்டர் வரும்போது மனைவி அந்தத் தாளை நீட்டட்டும். பதிலை அதிலேயே எழுதித் தரச் சொல்லலாம். அல்லது வார்டில் தமிழ் தெரிந்த நேர்ஸ், டொக்டர், பக்கத்துக் கட்டில் அம்மா யாராவது இருப்பார்கள். கேட்டால் உதவுவார்கள். பிள்ளை வார்டில் பக்கத்துக் கட்டில் அம்மா என்பது சொந்தச் சகோதரி மாதிரி.

தெஹிவளை அப்பா:

அன்ரி, இதை அப்படியே மாமிக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். நரம்புத் தண்டு முடிகிற இடத்தைப் பற்றி இரண்டு தரம் கேட்டார். பிறகு "அப்ப எடுக்கட்டும்" என்றார். கையெழுத்துப் போட்டோம். எடுத்து முடிந்து பிள்ளை பால் குடித்துத் தூங்குகிறாள். அந்த நீரின் முதல் ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள். கல்ச்சர்கள் இன்னும் வரவில்லை.

இப்போது வேறு பிரச்சினை. மனைவிக்குப் பால் குறைந்துவிட்டது என்று அழுகிறாள். மார்பு இளகிப் போய்க் கிடக்கிறதாம். ஒரு பெரியம்மா கொத்தமல்லித் தண்ணீர் கொஞ்சம் பிள்ளையின் வாயில் விடச் சொல்கிறார். இன்னொருவர் பால்மா வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார். மாமி நாளைக்கு வவுனியாவிலிருந்து நூல் கட்டிக்கொண்டு வருகிறார். மனைவி எதற்கெடுத்தாலும் "என்னாலதான் வந்தது" என்கிறாள். என்ன சொன்னாலும் ஏறவில்லை.

மட்டக்குளி ரஞ்சன்:

நண்பரே, என் பிள்ளைக்கு ஒன்பது மாதத்தில் டெங்கு. உங்களுடையது வேறு கதை, அதனால் அதை இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். தகப்பனாக வெளியே நின்ற அனுபவத்தை மட்டும் சொல்கிறேன்.

"அழாதே", "ஒன்றுமில்லை" என்று சொல்வதை விட்டுவிடுங்கள். என் மனைவி பிறகு சொன்னாள், அந்த வார்த்தைகளைக் கேட்கும்போது தனியாக விடப்பட்டது போல இருந்ததாம். "எனக்கும் பயமாத்தான் இருக்கு, ஆனா நான் இங்கதான் இருக்கிறேன்" என்று சொன்ன அன்றுதான் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதைவிட, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிறீர்களா என்பது முக்கியம். பார்வையாளர் நேரம் தொடங்குகிற நிமிடத்தில் கதவடியில் நில்லுங்கள். கொழும்பு ட்ராஃபிக்கில் த்ரீவீலை நம்பிக் கடைசி நேரத்தில் கிளம்பாதீர்கள். உள்ளே இருப்பவருக்கு அந்தப் பத்து நிமிடம் பெரியது.

போன் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நான் குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் ஒரே ஒரு செய்தி போட்டேன்: "பிள்ளையைப் பற்றிய செய்தி இரவு எட்டு மணிக்கு நான் போடுவேன். மனைவிக்கு ஒருவரும் எடுக்க வேண்டாம், அவள் தூங்க வேண்டும்." இரண்டு பேர் கோபித்தார்கள். கோபித்தவர்கள் பிறகு பிறந்தநாளுக்கு வந்தார்கள். "குளிப்பாட்டினீங்களா" என்று கேட்பவர்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள், அவள் காதுக்கு அது போகவே கூடாது.

நீங்களும் சாப்பிடுங்கள். இரவில் வீட்டுக்குப் போய்ப் படுங்கள். வாங்கில் விடியுமட்டும் இருந்தால் அடுத்த நாள் டொக்டர் சொல்வது உங்கள் மண்டைக்குள் போகாது.

இதை வாசிக்கிற மற்றக் கொழும்புப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் காய்ச்சல் என்றால் டெங்குவையும் நினைக்க வேண்டும், தென்மேல் பருவமழைக் காலத்திலும் வருடக் கடைசியிலும் இன்னும் கூடுதலாக. 2017இல் நாடு முழுவதும் 1,86,000க்கு மேல் டெங்கு நோயாளர் பதிவானார்கள். பெரிய பிள்ளைகளுக்குக் கூட புரூஃபன் வகை, அஸ்பிரின் வகை மருந்து கொடுக்கவே வேண்டாம், இரத்தம் கசிய வைக்கும். நிறைக்கு ஏற்ற அளவில் பனடோல் மட்டும். காய்ச்சல் விட்ட அன்று நிம்மதி என்று வீட்டுக்குக் கிளம்பக் கூடாது, டெங்குவில் ஆபத்தான கட்டம் தொடங்குவதே அந்த நேரத்தில்தான். எங்களுக்கு வார்டில் ஒரு தாள் கொடுத்து, எவ்வளவு குடித்தான், எவ்வளவு சலம் போனது என்று எழுதச் சொன்னார்கள். மனைவிக்கு அந்தத் தாள் பெரிய பிடிமானமாக இருந்தது, கைக்கு ஒரு வேலை கிடைத்ததால்.

மலர் அன்ரி, வெள்ளவத்தை:

ரஞ்சன் சொன்ன ஒவ்வொன்றும் சரி. தம்பி, முதல் ரிப்போர்ட் நல்லது என்றது பெரிய செய்தி.

கொத்தமல்லி வேண்டாம். தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், தேன் ஒன்றுமே வேண்டாம். ஆறு மாதம் மட்டும் தாய்ப்பால் தவிர டொக்டர் தருவது மட்டும்தான் வாய்க்குள் போக வேண்டும். பெரியம்மாவுக்கு ஒரு வேலை கொடுங்கள்: அந்தக் கொத்தமல்லியைத் தாய்க்கு அவித்து அனுப்பச் சொல்லுங்கள். அவர் மனமும் ஆறும்.

பால் வற்றவில்லை. பயமும் தூக்கமின்மையும் இருக்கும்போது பால் இறங்குவது தடைப்படும், சுரப்பது நின்றுபோவதில்லை. ஆறு, ஏழு வாரத்தில் மார்பு முன்னைப் போல விம்மாமல் இளகுவதும் இயல்பு. அதோடு பிள்ளை வருத்தத்தில் குறைவாக இழுத்திருக்கிறாள். இழுக்க இழுக்கத்தான் ஊறும். பிள்ளையின் சட்டையைத் திறந்து, தாயின் நெஞ்சோடு தோலில் தோல் பட வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்கச் சொல்லுங்கள். பிள்ளை இழுக்காத நேரத்தில் கையால் பிழிந்து எடுக்கலாம். கையைக் கழுவி, சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துணியை மார்பில் ஒற்றி, கறுப்பு வளையத்துக்குக் கொஞ்சம் பின்னால் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வைத்து உள்ளே அமத்தி, பிறகு சேர்த்துப் பிழிய வேண்டும். தோலில் வழுக்கி இழுக்கக் கூடாது. முதல் ஒன்றிரண்டு நிமிடம் ஒன்றும் வராது, அதற்குப் பிறகு வரும். எடுத்ததைப் போத்தல் சூப்பியில் கொடுக்காமல் சின்னக் கப்பில் கொடுக்க நேர்ஸ் காட்டித் தருவார். பால்மா தேவை என்று டொக்டர் சொன்னால் மட்டும் கொடுங்கள்.

மாமி நூலோடு வரட்டும். கனுலா இல்லாத கையில் அல்லது காலில் தளர்வாகக் கட்டலாம், நேர்ஸிடம் கேட்டுவிட்டு. நெற்றியில் திருநீறு பூசலாம். வாயில் போட வேண்டாம், மூக்குக்குக் கிட்ட ஊத வேண்டாம். ஏழு வாரப் பிள்ளைக்கு அந்தத் தூள் மூச்சுக்குள் போகும். நூல் கட்டுவது அவருடைய அன்பு, அதைத் தடுத்துச் சண்டை பிடிக்கிற நேரம் இது இல்லை. பார்வையாளர் நேரத்தில் மாமி பிள்ளையை வைத்திருக்க, உங்கள் மனைவி ஒரு மூலையில் கண்ணை மூடட்டும். தாயின் தாய் வந்து நிற்பதற்கு ஈடு ஒன்றும் இல்லை.

"என்னாலதான்" என்பதற்கு நீங்கள் பதில் சொல்லி ஏறாது, டொக்டரையோ நேர்ஸையோ சொல்ல வையுங்கள். நானும் சொல்கிறேன், அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்: தங்கச்சி, பிள்ளையைக் குளிப்பாட்டியதால் இந்தக் காய்ச்சல் வருவதில்லை. வெளியே கொண்டு போனதால், நீங்கள் ஐஸ் தண்ணீர் குடித்ததால், நீங்கள் சாப்பிட்ட எந்தச் சாப்பாட்டாலும் வருவதில்லை. பால் குடிப்பது குறைந்ததைப் பார்த்தது நீங்கள்தான். அதைப் பார்த்ததால்தான் பிள்ளை நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தது.

தம்பி, இது உங்களுக்கு மட்டும். பிள்ளை பெற்று ஏழு வாரம்தான். தையலும் இரத்தப்போக்கும் விட்ட களைப்பு, தூக்கமின்மை எல்லாம் இன்னும் அந்த உடம்பில் இருக்கிறது. அழுவது இயல்பு. ஆனால் பிள்ளை தேறிய பிறகும் அழுகை நிற்கவில்லை, பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை, பிள்ளையைத் தொட மனமில்லை, செத்துப் போனால் நல்லது என்ற மாதிரிக் கதைக்கிறார் என்றால் காத்திருக்காதீர்கள். வார்டு டொக்டரிடமே சொல்லலாம். 1926 என்பது தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் பகுதி மிட்வைஃபிடமும் சொல்லுங்கள். இது பிரசவத்துக்குப் பிறகு வருகிற ஒரு வருத்தம், மருந்தும் பேச்சும் இருக்கிறது, மாறும்.

தெஹிவளை அப்பா:

கல்ச்சர் வந்துவிட்டது. இரத்தத்தில் ஒன்றும் வளரவில்லை, முதுகு நீரிலும் இல்லை. சலத்தில்தான் கிருமி. ஈ கோலை என்று எழுதியிருக்கிறார்கள். போடுகிற மருந்துக்கே அது கட்டுப்படும் என்று டொக்டர் தாளிலேயே எழுதித் தந்தார். காய்ச்சல் விட்டுவிட்டது. பால் நன்றாக இழுக்கிறாள், மனைவியின் மார்பு இரவில் விம்மி நைட்டியெல்லாம் நனைந்ததாம். மாமி வந்திருக்கிறார். அவரும் மனைவியும் பழைய கதை கதைத்துச் சிரித்ததைப் பார்த்தேன்.

ஊசி மருந்து இன்னும் சில நாள் போட வேண்டும், பிறகு சிறுநீரகத்துக்கு ஸ்கேன் என்றார்கள். ஸ்கேன் என்றதும் மனைவிக்குத் திரும்பவும் பயம். வீட்டுக்கு விடும்போது என்ன கேட்க வேண்டும், வந்த பிறகு என்ன பார்க்க வேண்டும்? இரண்டு மாத ஊசியும் வருகிறது.

சுதா அக்கா சொன்ன முன்பக்கம் திறக்கிற சட்டைக்கு நன்றி. பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கும் ஒன்று கொடுத்தோம்.

மலர் அன்ரி, வெள்ளவத்தை:

சந்தோசம் தம்பி, சரியான சந்தோசம்.

ஸ்கேன் என்பது வயிற்றில் ஜெல் பூசி மேலால் பார்ப்பதுதான். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது உங்கள் மனைவிக்குச் செய்த அதே ஸ்கேன். ஊசி இல்லை, வலி இல்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை. இவ்வளவு சின்ன வயதில் சலத்தில் கிருமி வந்தால், சிறுநீரகமும் குழாயும் பிறவியில் ஏதாவது அடைப்போடோ வீக்கத்தோடோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது வழக்கம். பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அதற்குமேல் ஏதாவது டெஸ்ட் சொன்னால் ஏன் என்று கேளுங்கள், சொல்வார்கள்.

வீட்டுக்கு விடுகிற அன்று டயக்னோசிஸ் கார்டை வாங்காமல் வார்டை விட்டு இறங்காதீர்கள். அதில் கிருமியின் பெயர், கொடுத்த மருந்து, எத்தனை நாள் என்று இருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்து விளங்காவிட்டால் அங்கேயே கேட்டு உங்கள் எழுத்தில் எழுதி வையுங்கள். கல்ச்சர் ரிப்போர்ட்டின் பிரதி, ஸ்கேன் திகதி, கிளினிக் திகதி எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பிள்ளையின் பிங்க் நிற வளர்ச்சிப் புத்தகத்துக்குள் அந்த கார்டை வைத்துவிடுங்கள், எந்த டொக்டரிடம் போனாலும் புத்தகம் கூடவே போகும். வீட்டில் குடிக்க அன்டிபயோட்டிக் தந்தால், எத்தனை மில்லிலீட்டர் என்று அளவு போட்ட சிரிஞ்சில் அங்கேயே ஒரு தரம் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். தேக்கரண்டிக் கணக்கு வேண்டாம். சொன்ன நாள் முடியுமட்டும் கொடுங்கள், காய்ச்சல் இல்லை என்று இடையில் நிறுத்த வேண்டாம்.

கழுவும்போது பெண் பிள்ளைக்கு முன்னாலிருந்து பின்னால் துடைக்க வேண்டும். பம்பர்ஸ் நனைந்தால் வைத்திருக்க வேண்டாம், இந்த வெக்கையில் பகலில் துணி கட்டிவிட்டாலும் நல்லதுதான்.

இரண்டு மாத ஊசியை விடக்கூடாது. எப்போது போடலாம் என்று வார்டு டொக்டரிடம் கேட்டு அதையும் கார்டில் எழுதுவியுங்கள், பிறகு மிட்வைஃபுக்கு அறிவியுங்கள், எம்ஓஎச் (பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் திகதி தருவார். அந்த ஊசிக்குப் பிறகு சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் காயும். பனடோல் கொடுப்பதா, எவ்வளவு என்று ஊசி போடும் இடத்திலேயே நிறையைக் காட்டிக் கேளுங்கள். உங்கள் பிள்ளைக்குச் சலத்தில் கிருமி வந்த கதையையும் அங்கே சொல்லிவிடுங்கள். இனி எப்போது காய்ச்சல் வந்தாலும், சளி இருமல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், "முன்னம் சலத்தில் கிருமி வந்த பிள்ளை, சலத்தையும் பாருங்கள்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். அன்டிபயோட்டிக் தொடங்குவதற்கு முன் சலத்தை எடுக்கச் சொல்லுங்கள். மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம்.